அம்மாவுக்கு மல்டிபிள் மயலோமா: திருகோணமலையில் இருந்துகொண்டு எந்த வழியில் போவது?

உவர்மலை வாசி

வணக்கம். அம்மாவுக்கு வயது 62. நடுமுதுகில் வலி என்று தொடங்கியது. வயதுக்கு வரும் வலிதானே என்று எண்ணெய் பூசினோம், கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பிறகு படியேறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.2, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் 2.1, கல்சியமும் அளவுக்கு மேல். இரத்தத்தில் மொத்தப் புரதம் கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர் உடனே கொழும்புக்கு எழுதித் தந்தார். இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி எடுத்த எலும்பு மச்சையில் பிளாஸ்மா கலங்கள் 45 சதவீதம். மல்டிபிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது.

நிபுணர் சொன்ன திட்டம் இதுதான்: கிழமைக்கு ஒரு போர்ட்டெசோமிப் ஊசி, கூடவே சைக்ளோபொஸ்பமைட், டெக்ஸாமெதசோன் குளிசைகள். நான்கு சுற்று முடிந்தபின் மூலக்கல மாற்றுச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. டொரொன்டோவில் இருக்கும் அண்ணா, டாராட்டுமுமாப் என்ற புது ஊசி இல்லாத சிகிச்சை எல்லாம் பழைய சிகிச்சை, காசு அனுப்புகிறேன், உடனே சென்னைக்குக் கொண்டு போ என்கிறார். பெரியம்மாவுக்கு ஊசி என்றாலே பயம். தனக்குத் தெரிந்த முறிவு நெரிவு வைத்தியரிடம் முதுகைப் பிடித்துவிடச் சொல்கிறார். அம்மாவோ தன்னை வைத்துக் காசைக் கரைக்க வேண்டாம் என்று ஒரே பிடி. இந்த நோயைக் கண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எதை முதலில் செய்வது?

ஓய்வுபெற்ற மருந்தாளர்

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். வலிக்கு அம்மா இப்போது என்ன குளிசை எடுக்கிறார்? டைக்ளோபினாக், இபுபுரொபன் வகையறாவாக இருந்தால் இன்றைக்கே வைத்தியரிடம் சொல்லி நிறுத்துங்கள். இந்த நோயில் சிறுநீரகத்துக்கு அவை எமன். வலிக்குப் பனடோல் கொடுக்கலாம், அது போதாவிட்டால் வைத்தியர் மோர்பின் வகை எழுதித் தருவார். மோர்பின் என்றவுடன் கடைசிக் காலம் என்று பயப்பட வேண்டாம். அது வலிக்கான மருந்து, அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்கிறேன். பிளாஸ்மா கலங்களின் வேலை நோய் எதிர்ப்புப் புரதம் செய்வது. மயலோமாவில் ஒரே கலம் பெருகிப் பெருகி, ஒரே வகைப் புரதத்தைக் கொட்டுகிறது. அதன் துண்டுகளான இலேசான சங்கிலிகள் சிறுநீரகக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. உடம்பில் நீர் குறைந்தால் அடைப்பு இன்னும் கூடும். எனவே இருதயக் கோளாறு, வீக்கம் ஏதும் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்; அம்மாவுக்கு எவ்வளவு என்று உங்கள் வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, தாகம் எடுக்கும்போது மட்டும் குடித்தால் போதாது. ஸ்கேன் எடுக்கும்போது சாய மருந்து ஏற்றப் போகிறார்கள் என்றால், மயலோமா, கிரியேற்றினின் 2.1 என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிக்கையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, முதுகில் யாரையும் கைவைக்க விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முறிவு நெரிவு வைத்தியத்தை நான் மதிக்கிறேன். மரத்தால் விழுந்த கைக்கு அது சரி. இது உள்ளே அரித்துப்போன எலும்பு. அழுத்திப் பிடித்தால் முள்ளென்பு நொறுங்கும், நொறுங்கினால் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் நெரியும்.

கிண்ணியாத் தங்கச்சி

எங்கள் வாப்பாவுக்கு இதே நோய், ஏறக்குறைய இதே மருந்து. அதனால் ஊசியைப் பற்றி நான் சொல்லலாம்.

போர்ட்டெசோமிப்பை வயிற்றுத் தோலுக்குக் கீழே போடுவார்கள். போட்ட இடம் ஒரு பெரிய நாணய அளவுக்குச் சிவந்து, சில நாள் கழித்துக் கருத்துப் போகும். ஒரு கிழமை வலப் பக்கம், அடுத்த கிழமை இடப் பக்கம் என்று மாற்றுவார்கள். வாப்பா எந்தப் பக்கம் என்பதைக் கலண்டரில் குறித்து வைப்பார், தாதி கேட்கும் முன்பே சட்டையைத் தூக்கிக் காட்டுவார். பெரிய வேதனை ஒன்றும் இல்லை. பெரியம்மா பயப்படுவது போல மொட்டையாகவும் இல்லை, கொஞ்சம் உதிர்ந்தது.

தொல்லை கொடுத்தது கால் விரல் மரத்துப்போனதுதான். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார். அதைச் சொன்னதும் டொக்டர் அளவைக் குறைத்தார். உங்கள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆள் என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொத்தான் போட முடிகிறதா, தரையின் சூடு காலில் படுகிறதா என்று கேளுங்கள்.

டெக்ஸாமெதசோன் எடுக்கும் நாள் வேறு கதை. ஒரே காலையில் கைநிறையக் குளிசை. அன்று இரவு தூக்கம் கிடையாது. ஒரு முறை நடுச்சாமத்தில் விளக்கு எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், கடலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடமான மனிதர் பழைய வலையை விரித்துப் பொத்திக்கொண்டிருக்கிறார், முகத்தில் அப்படி ஒரு உற்சாகம். மறுநாள் பின்னேரம் சோர்ந்து, ஆளைக் கண்டாலே எரிந்து விழுவார். சீனியும் ஏறும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் அதற்கான மருந்தையும் மாற்ற வேண்டி வரும். குளிசையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், இரவில் வேண்டவே வேண்டாம்.

அசைக்ளோவிர் எழுதித் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த ஊசி போடும் காலத்தில் அக்கி வந்து படுத்தும், அதைத் தடுக்கத்தான்.

கொட்டியாரத்தான்

எல்லோரும் மென்மையாகச் சொல்கிறீர்கள், நான் நேரே சொல்கிறேன். 62 வயது என்பது வயதே இல்லை. மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதி உள்ளவருக்கு அதைச் செய்யாமல் ஊசியும் குளிசையுமாகக் காலத்தை ஓட்டுவது பாதிச் சிகிச்சை. அண்ணன் காசு தருகிறேன் என்கிறார். இங்கே 2022இல் பொருளாதார நெருக்கடியில் மருந்தில்லாமல் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா? மருத்துவ வீசா எடுத்துக்கொண்டு வெல்லூருக்கோ சென்னைக்கோ போங்கள். மூதூரிலிருந்து போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். முடிவெடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

சீனக்குடாப் பிள்ளை

சீனக்குடாவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது கொழும்பில் குருதியியல் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மாவை நான் பார்க்கவில்லை. எனவே பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

கொட்டியாரத்தான் அண்ணா சொல்வதில் ஒரு பாதி சரி. தாமதிக்கக் கூடாது. ஆனால் தாமதிக்கக் கூடாதது முதல் ஊசியைத்தான். மாற்றுச் சிகிச்சையை நாளைக்கே யாரும் செய்ய மாட்டார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையோ வெல்லூரோ டொரொன்டோவோ, எங்கே போனாலும் முதலில் நான்கு மாதமளவு மருந்து கொடுத்து நோயைத் தணித்துவிட்டுத்தான் அந்தப் பேச்சு. அந்த முதல் மருந்து எல்லா இடத்திலும் போர்ட்டெசோமிப்பை நடுவில் வைத்துத்தான் பெரும்பாலும் கட்டப்படுகிறது. ஆகவே சென்னையா கொழும்பா என்ற சண்டையை நீங்கள் இந்தக் கிழமை போட வேண்டியதே இல்லை. ஊசியைத் தொடங்கிவிட்டு ஆறுதலாகப் போடலாம்.

போர்ட்டெசோமிப் என்ன செய்கிறது? கலத்துக்குள்ளே பழுதான புரதங்களை அள்ளி அழிக்கும் ஒரு பொறி உண்டு. அதை இந்த மருந்து நிறுத்திவிடும். நகரசபை வண்டி வராத தெருவில் குப்பை மலைபோலக் குவிவதைப் போலக் கலத்துக்குள்ளே கழிவு தேங்கும். புரதத்தை ஓயாமல் உற்பத்தி செய்யும் மயலோமாக் கலம்தான் அதில் முதலில் மூச்சுத் திணறிச் சாகும். அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்றது. சிறுநீரகம் பழுதானவருக்கும் அளவைக் குறைக்காமல் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய பலம். கிரியேற்றினின் 2.1 உள்ள உங்கள் அம்மாவுக்கு நிபுணர் இந்தக் கூட்டணியைத் தேர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு குளிசையான லெனலிடோமைட் நல்ல மருந்துதான், ஆனால் அது சிறுநீர் வழியாக வெளியேறுவது. சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் தேறியபின் சைக்ளோபொஸ்பமைட்டை எடுத்துவிட்டு லெனலிடோமைட்டைச் சேர்ப்பது வழக்கம். இந்தியாவில் செய்த மலிவான லெனலிடோமைட் கிடைக்கிறது. அதை எடுத்தால் இரத்தம் கட்டிபடும் ஆபத்து உண்டு, அதற்கு அஸ்பிரின் அல்லது அதைவிட வலுவான ஒன்றைச் சேர்ப்பார்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்தக் குளிசையைத் தொடவும் கூடாது. லெனலிடோமைட் தாலிடோமைட்டின் வழிவந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துக் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்ததால் 1961இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட அதே தாலிடோமைட். 1999இல் மயலோமாவுக்கு அது வேலை செய்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

இனி மாற்றுச் சிகிச்சை. பெயரைக் கேட்டு யாரோ ஒருவர் மச்சையைத் தானம் செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் மூலக்கலங்களையே ஊசி போட்டு இரத்தத்துக்குள் வரவழைத்து, இயந்திரத்தால் பிரித்தெடுத்து வைப்பார்கள். பிறகு மெல்பலான் மருந்தைப் பெரிய அளவில் கொடுத்து மச்சையைத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். இரண்டு மூன்று கிழமை தனி அறை, வாய்ப்புண், வயிற்றோட்டம், காய்ச்சல். முடி கொட்டுவது அப்போதுதான். அனுபவமுள்ள நிலையங்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இதில் இறக்கிறார்கள்.

அதனால் கிடைப்பது என்ன? நோய் அடங்கியிருக்கும் காலம் நீள்கிறது. 65 வயதுக்கு மேற்படாதவர்களிடம் செய்து 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாற்றுச் சிகிச்சை செய்தவர்களில் பாதிப்பேருக்கு 67 மாதம் வரையாவது நோய் மீளவில்லை, மருந்து மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு 46 மாதம் வரை. ஆனால் உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையில் அதுவரை வித்தியாசம் தெரியவில்லை. இரு பக்கமும் ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது. அதாவது செய்தால் நல்லது, செய்யாதவர் கைவிடப்பட்டவர் அல்லர். "பாதிச் சிகிச்சை" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன், அண்ணா.

நிலாவெளி நேசன்

இவ்வளவு நஞ்சை உடம்பில் ஏற்றுவதற்குப் பதிலாக அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்துப் பார்க்கலாமே. பச்சைத் தேநீரும் புற்றுநோயை அழிக்கும் என்கிறார்கள். செலவும் இல்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளர்

நேசன், பச்சைத் தேநீரைப் பற்றி நீங்களே வாயைத் திறந்ததால் சொல்கிறேன். அதிலுள்ள ஒரு பொருள் போர்ட்டெசோமிப்போடு போய் ஒட்டிக்கொண்டு மருந்தை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது என்று ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் 2009இல் காட்டியிருக்கிறார்கள். உயிர்ச்சத்து சி குளிசையைப் பற்றியும் அதே எச்சரிக்கை உண்டு. மூலிகை பாதகமில்லை என்று நம்பிக் கொடுப்பது, அரசாங்கம் இலவசமாகப் போடும் விலையுயர்ந்த ஊசியைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். தோடம்பழம் சாப்பிடலாம், அதில் ஒன்றும் இல்லை. குளிசையாகவும் கஷாயமாகவும் எதையாவது சேர்ப்பதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

கோணேசர் மண்

மேலே "டொரொன்டோ அண்ணா" என்று சொல்லப்பட்டவன் நான்தான். வீட்டு விஷயத்தைத் தம்பி ஊரறியப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாசித்துவிட்டேன், பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

நான் டாராட்டுமுமாப்பைச் சும்மா சொல்லவில்லை. இங்கே அதையும் சேர்த்து நான்கு மருந்தாகத் தொடங்குகிறார்கள். அம்மாவுக்கு ஏன் குறைந்ததைக் கொடுக்க வேண்டும்? அம்மாவை நான் மூன்று வருடமாகக் காணவில்லை. தூரத்தில் இருப்பவனுக்குக் காசு அனுப்புவதைத் தவிர வேறு என்ன வழி?

சீனக்குடாப் பிள்ளை

அண்ணா, நீங்கள் சொல்வதில் பிழை இல்லை. டாராட்டுமுமாப் 2015இல் வந்தது. மயலோமாக் கலத்தின் மேலுள்ள சி.டி.38 என்ற அடையாளத்தைப் பிடித்துத் தாக்கும். வசதியுள்ள நாடுகளில் அதைச் சேர்த்துத் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பலனும் கூடுதல். அம்மாவுக்கு அது கிடைக்குமானால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். அது ஒரு முறை போட்டு முடிவது இல்லை. முதலில் கிழமைக்கு ஒன்று, பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று நீளும். பாதியில் காசு தீர்ந்து நிற்பதைவிட, அரசு வைத்தியசாலையில் தொடர்ந்து கிடைப்பதை ஒழுங்காக எடுப்பது மேல். இப்போது மூன்று மருந்தில் தொடங்குங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் இரத்தப் புரதம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். நன்றாக இறங்காவிட்டாலோ, நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனையில் 17ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது போன்ற கெட்ட அடையாளம் தெரிந்தாலோ, உங்கள் காசுக்கு அங்கே வேலை இருக்கிறது. அந்த மருந்தைப் போடுவதாக முடிவானால், முதல் ஊசிக்கு முன்பே அம்மாவின் இரத்த வகையை விரிவாகப் பரிசோதித்து அட்டையில் எழுதி வாங்குங்கள். டாராட்டுமுமாப் உடம்பில் இருக்கும்போது இரத்தப் பொருத்தம் பார்க்கும் பரிசோதனை குழம்பும். ஹீமோகுளோபின் 8இல் இருப்பவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் இரத்த வங்கி தடுமாறும்.

தம்பியிடம் ஒரு கேள்வி: முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா?

உவர்மலை வாசி

எடுத்தாயிற்று, நேற்றுத்தான் அறிக்கை கிடைத்தது. இடுப்புப் பக்கத்து முள்ளென்பு ஒன்று அமுங்கியிருக்கிறது, முண்ணாணை அது தொடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று நிபுணர் சொன்னார். அம்மா எடுத்து வந்தது டைக்ளோபினாக்தான். மருந்தாளர் ஐயா சொன்ன அன்றே வைத்தியரோடு கதைத்து நிறுத்திவிட்டோம்.

அண்ணா, கோபிக்காதே. உன்னிடம் சொல்லியும் பெரியம்மாவிடம் சொல்லியும் களைத்துப்போய்த்தான் இங்கே எழுதினேன்.

சீனக்குடாப் பிள்ளை

தொடவில்லை என்றால் பெரிய ஆறுதல். ஆனால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: கால் திடீரென்று சோர்ந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, அடுத்த கிளினிக் வரை காத்திராதீர்கள். அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சில மணித்தியாலம் தவறினாலும் நடை திரும்பாமல் போகலாம். காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனாலும் அப்படித்தான்.

கதிர்வீச்சு வலியைக் குறைக்க நன்றாக உதவும், சில நாளில் முடியும் சிறு தொடராகவும் கொடுப்பார்கள். மகரகமவிலும் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும் வசதி உண்டு. எங்கே உங்களுக்குத் தங்க உறவினர் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்து நிபுணரிடம் கேளுங்கள். அமுங்கிய எலும்புக்குள் சீமெந்து போன்ற ஒன்றைச் செலுத்தி நிமிர்த்தும் சிகிச்சையும் உண்டு. வலி அடங்காவிட்டால் அதையும் கேட்கலாம்.

இந்த நிலையில் சென்னைக்கு விமானப் பயணம் வேண்டாம். ஊசி ஒன்றிரண்டு சுற்றுப் போய், கல்சியம் இறங்கி, எலும்பு ஆறுதலடையட்டும்.

கிண்ணியாத் தங்கச்சி

பயணத்தைப் பற்றி நானும் சொல்கிறேன். கொழும்புக்கு 260 கிலோமீற்றர். பஸ்ஸில் பின் இருக்கையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் விழும். நாங்கள் இரவு ரயிலில் போனோம், வாப்பாவுக்கு அதுதான் ஒத்துவந்தது. பிறகு, கிழமை ஊசியை ஊருக்குக் கிட்டப் போட வழி உண்டா என்று உம்மா ஒருநாள் துணிந்து கேட்டார். நிபுணர் கடிதம் தந்தார், அதற்குப் பின் கொழும்புக்கு மாதம் ஒருமுறைதான். கேட்காமல் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஆட்களில் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக: வாப்பா நோன்பு பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அந்தச் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் சொன்னார், கேட்கவில்லை. பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்து, நோயாளிக்குச் சலுகை உண்டு, நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் பித்யா கொடுங்கள் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். கோயில் விரதம் இருக்கும் அம்மாமாருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

கொட்டியாரத்தான்

சரி, டொக்டர் தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன், முதல் ஊசி இங்கேயே. ஆனாலும் வெல்லூருக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, அறிக்கைகளைக் காட்டி, செலவு மதிப்பீட்டை வாங்கி வைப்பதில் பிழை இல்லையே. நான்காம் சுற்று முடிந்த பிறகு வீசாவுக்கு ஓடினால் இரண்டு மாதம் போய்விடும். லெனலிடோமைட்டை நெடுநாள் எடுத்தால் மூலக்கலம் சேகரிப்பது கடினமாகும் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?

சீனக்குடாப் பிள்ளை

உண்மை. அதனால்தான் மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் எண்ணம் இருந்தால் நான்கு ஆறு சுற்றுக்குள் சேகரித்துவிட வேண்டும் என்பார்கள். மதிப்பீடு வாங்கி வைக்கலாம், நல்ல யோசனை. கொழும்பிலும் விசாரியுங்கள். செலவு கைமீறினால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள்.

இன்னொன்று, இது வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. மயலோமா பெரும்பாலும் அடியோடு போகும் நோய் அல்ல. அடங்கும், திரும்பும், மறுபடி அடக்க வேண்டும். மாற்றுச் சிகிச்சை முடிந்தாலும் லெனலிடோமைட்டைச் சிறிய அளவில் தொடர்வார்கள். திரும்பி வரும்போதுதான் கார்பில்சோமிப், பொமலிடோமைட், நீங்கள் சொல்லும் டாராட்டுமுமாப் எல்லாம் வரிசையில் வரும். அமெரிக்காவில் 2021 முதல் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆகவே கோணேசர் மண் அண்ணா, காசு முழுவதையும் முதல் மாதத்திலேயே இறைக்க வேண்டாம்.

கோணேசர் மண்

விளங்குகிறது. தம்பி, ஊசியை இந்தக் கிழமையே தொடங்கு. இப்போது வருவதற்கு எடுத்த லீவைத் தள்ளி வைக்கிறேன். மாற்றுச் சிகிச்சை என்று முடிவானால் தனி அறையில் அம்மாவோடு நிற்க ஆள் வேண்டும், அப்போது வருகிறேன். பெரியம்மாவிடம் நான் கதைக்கிறேன். உன்னோடுதான் அவர் சண்டை பிடிப்பார், என்னோடு அழுவார், அவ்வளவுதான்.

உவர்மலை வாசி

வியாழன் கிளினிக். அன்றே முதல் ஊசி. எலும்புக்கு சொலெட்ரோனிக் அசிட் ஏற்றுவது பற்றியும் சொன்னார்கள். 24 மணித்தியாலச் சிறுநீரும் கொண்டு வரச் சொல்லிப் பெரிய போத்தல் ஒன்று தந்தார்கள். அதை எப்படிச் சேகரிப்பது என்று ஒருவரும் விளக்கவில்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளர்

சொலெட்ரோனிக் அசிட் ஏற்றும் முன் அம்மாவைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கி ஆறவிட வேண்டும். ஏற்றிய பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் அந்த மருந்தின் அளவு. மிகவும் பழுதாக இருந்தால் டெனோசுமாப் என்ற வேறு ஊசி இருக்கிறது, அதற்குக் கல்சியம் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். கிரியேற்றினினைப் பார்த்தீர்களா என்று ஏற்றும் முன் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

கிண்ணியாத் தங்கச்சி

சிறுநீர்ப் போத்தலுக்கு நான் சொல்கிறேன். புதன் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் போத்தலில் விட வேண்டாம், கழிப்பறையில் போகட்டும். அந்த நேரத்தைப் போத்தலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பகலும் இரவும் போவது எல்லாம் போத்தலுக்குள். வியாழன் காலை அதே நேரத்துக்குப் போவதையும் சேர்த்து மூடுங்கள். பிளாஸ்டிக் கோப்பை ஒன்றில் பிடித்து ஊற்றினால் அம்மாவுக்கு இலகு, நேரே போத்தலுக்குள் போகச் சொல்லிக் கஷ்டப்படுத்தாதீர்கள். குளிர்ப்பெட்டியில் வைக்க வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஐஸ் போட்ட ஒரு மீன் பெட்டியில் வைத்தால் போதும். கொழும்புக்குக் கொண்டு போகும்போதும் அப்படியே கொண்டு போங்கள், மூடியை ஒட்டு நாடாவால் சுற்றிவிடுங்கள்.